நீர்மாலைக் குடம்

வாங்க அண்ணாச்சி, உள்ள வாங்க. செருப்பு வெளியிலயே கிடக்கட்டும், எவனும் தூக்கிட்டுப் போக மாட்டான். இது பி.டி. வாத்தியார் வீடு. இந்தக் கோவில்பட்டியில பாதிப் பயலுகளை மைதானத்தைச் சுத்தி ஓடவிட்டவன் நான். பேரன் எடுத்தவனெல்லாம் இன்னைக்கும் என்னைக் கண்டா பீடியைப் பின்னால மறைக்கான். உக்காருங்க. அந்த நாற்காலி வேண்டாம், கால் ஆடும். இதுல உக்காருங்க.

எதுக்கு இதெல்லாம்? சாத்தூர்ல இருந்து வாரவுக சேவு கொண்டுதான் வரணும்னு சட்டமா? ஓ, உங்க கடைச் சரக்கா! அப்பச் சரி. எனக்குப் பல்லெல்லாம் பத்திரமா இருக்கு, கவலைப்படாதீக. காப்பி போடத்தான் ஆளில்ல. முக்குக் கடையில பன்னீர் சோடா சொல்லியிருக்கேன். பொம்பளை இல்லாத வீடு, குறை நினைக்கக் கூடாது.

நீங்க போன்ல சொன்னதெல்லாம் எனக்கு விளங்குச்சு. உங்க மக தமயந்தியும் என் மகனும் மதுரையில ஒரே ஆஸ்பத்திரியில வேலை பாக்காக. உங்க மகளுக்கு அவனைப் பிடிச்சிருக்கு. நீங்க பையன் வீட்டைப் பத்தி நாலு வார்த்தை விசாரிக்க வந்திருக்கீக. முறைதான். பொண்ணைப் பெத்தவன் விசாரிக்காம யாரு விசாரிப்பா? தெருவுல வேற யாருகிட்டயும் கேட்டீகளா? கேக்கலையா? நேரா என்கிட்டயே வந்துட்டீகளா? நல்லது. பெத்த மகன்னு நான் ஒரு சொல்லு கூட்டிச் சொல்ல மாட்டேன். குறைச்சும் சொல்ல மாட்டேன். கேட்டுட்டு நீங்களே ஒரு முடிவுக்கு வாங்க.

பேரு செண்பகராசன். எங்க ஊரு அம்மன் செண்பகவல்லி ஆத்தா பேரு. எங்க வீட்டுக்காரி ஆவுடைத்தாய்க்கு அவன் வெறும் ராசா. ஆளைப் பாத்திருக்கீகள்லா? நெஞ்சைப் பாத்தீகளா? தோளைப் பாத்தீகளா? அது தானா வந்த உடம்பு இல்ல அண்ணாச்சி. நான் உண்டாக்கின உடம்பு. போலீஸ்ல எஸ்.ஐ. ஆக்கணும்னு விடியுமுன்ன எழுப்பி ஓடவிடுவேன். கயிறு ஏறச் சொல்லுவேன். ஒரு நாளு முனங்கினது கிடையாது. ஓடச் சொன்னா ஓடுவான், நிக்கச் சொன்னா நிப்பான். அப்படிப்பட்ட பய, பிளஸ் டூ ரிசல்ட் வந்த பொறவு என் முன்னால வந்து நிக்கான். 'அப்பா, நர்சிங்குக்கு எழுதிப் போட்டேன், சீட்டு கிடைச்சிருச்சு'ங்கான்.

எனக்கு எப்படி இருந்திருக்கும்? நீங்களே சொல்லுங்க. 'ஏலே, வெள்ளைத் தொப்பி வச்சுக்கிட்டு நிப்பியால?'ன்னு கேட்டேன். அதுக்கு அவன், 'ஆம்பளைக்குத் தொப்பி கிடையாதுப்பா'ங்கான். நான் கேலி பண்ணுதேன், அவன் விவரம் சொல்லுதான். 'ஏம்ல உனக்கு இந்தப் புத்தி?'ன்னேன். 'எனக்குப் பிடிச்சிருக்குப்பா.' அவ்வளவுதான் பதில். பிடிச்சிருக்காம். எனக்குக் கூடத்தான் சிங்கத்தைப் பிடிச்சிருக்கு, வீட்டுல கட்டிப் போட்டா வளக்கேன்?

ஆவுடையா? அவ உள்ள உக்காந்து அவனுக்குப் பெட்டியில துணி அடுக்கிக்கிட்டு இருந்தா. அது சம்மதமா, வருத்தமா, யாருக்குத் தெரியும்? அவ பேச மாட்டா. நானும் கேட்டது கிடையாது. அப்படியே பழகிப் போச்சு எங்களுக்கு.

டீக்கடையில கேப்பானுக. 'சார், தம்பி என்ன படிக்கான்?' 'மெடிக்கல் லைன்'ம்பேன். 'டாக்டருக்கா சார்?' நான் ஆமான்னும் சொல்லல, இல்லன்னும் சொல்லல. இப்படித் தலையை ஒரு ஆட்டு. அது பொய் ஆகுமா? ஆகாது. நல்லாத்தான் ஓடிக்கிட்டு இருந்துச்சு. அதுக்கும் ஒரு நாள் வந்து சேந்துச்சு வினை. என் பழைய மாணவன் ஒருத்தன், லாரி ஓட்டுதவன், மதுரைப் பக்கம் வண்டி கவுந்து நம்ம பய வேலை பாக்குத ஆஸ்பத்திரியிலயே கிடந்திருக்கான். குணமாகி ஊருக்கு வந்தவன் நேரா டீக்கடைக்கு வந்து, கூட்டத்துக்கு நடுவுல என் கையைப் பிடிச்சுக்கிட்டான். 'சார், நம்ம தம்பிதான் சார் எனக்குப் பீ மூத்திரம் அள்ளினான். உடம்பு தொடைச்சு விட்டான். அருவருப்பு ஒரு துளி இல்ல சார் அந்த மூஞ்சியில. தங்கமான கை சார்'ங்கான். கண்ணுல தண்ணி வேற. கடை பூராவும் என்னையப் பாக்கு. ஒருத்தன் 'க்கும்'னு தொண்டையைச் செருமுதான், ஒருத்தன் கிளாசுக்குள்ள சிரிக்கான். அந்தப் பய என்னைய வாழ்த்த வந்தானா, வேட்டியை உருவ வந்தானான்னு எனக்கு இன்னைக்கு வரைக்கும் தெரியல. அன்னையோட அந்தக் கடைக்குப் போறதை விட்டேன்.

வேலையிலயாவது மரியாதை உண்டா? அதுவும் இல்ல. இவன் கட்டிலுக்குப் பக்கத்துல போய் நின்னா, 'ஏ தம்பி, நர்சம்மா யாராவது இருந்தா வரச் சொல்லு'ம்பாகளாம். 'நான்தாம்மா நர்ஸ்'னா மேலயும் கீழயும் பாத்துட்டு, 'வார்டு பாயா?'ன்னு கேப்பாகளாம். படிக்கும்போது கூட அப்படித்தான். பொம்பளைப் பிள்ளைகள் எல்லாம் பிரசவ வார்டுக்குள்ள போகும். பயலுகளை மட்டும் வெளிய நிறுத்திட்டு, ஒரு ரப்பர்ப் பொம்மையைக் குடுத்து, இதுல படிச்சுக்கோங்கன்னு சொல்லுவாகளாம். பரீட்சையில கேள்வி மட்டும் எல்லாருக்கும் ஒண்ணாம். குடிச்சிட்டுக் கலாட்டா பண்ணுதவனா, கூப்பிடு செண்பகராசனை. பொம்பளை வார்டுல கனத்த ஆளு ஒண்ணு கீழ விழுந்திருச்சா, கூப்பிடு செண்பகராசனை. தூக்கிக் கட்டில்ல போட்டதும் 'சரி, நீ வெளிய போ'ம்பாகளாம். அடுப்படியில அம்மாகாரிகிட்ட இதையெல்லாம் சொல்லிக்கிட்டு இருப்பான். அவ வெங்காயம் உரிச்சுக்கிட்டே கேட்டுக்கிட்டு இருப்பா. நான் இங்க இருந்து ஒரு குரல் குடுப்பேன்: 'இதுக்குத்தாம்ல போலீசுக்குப் போன்னேன்!' அதோட பேச்சு நின்னு போகும்.

உங்களுக்கு முன்னால ஒரு இடம் வந்துச்சு, அதையும் மறைக்கக் கூடாது. விளாத்திகுளம் பக்கம். பொண்ணு பாக்கப் போயிருந்தோம். கேசரி, வடை எல்லாம் ஆச்சு. பொண்ணோட தாய்மாமன் ஒருத்தன், கொஞ்சம் நக்கல் பிடிச்சவன். 'ஆமா, மாப்பிள்ளைக்குச் சேலை கட்டத் தெரியுமா? எங்க பிள்ளைக்கு அவசரத்துக்குக் கட்டி விடலாம்'னு எடுத்து விட்டான். அவ்வளவுதான், வீடே சிரிச்சிருச்சு. நானும் சிரிச்சேன். நாலு பேரு சிரிக்கையில நாம மட்டும் மூஞ்சியைத் தூக்கி வச்சிருந்தா நல்லா இருக்குமா? சபை நாகரிகம்னு ஒண்ணு இருக்குல்லா? திரும்பி வரையில வேன்ல ஆவுடை அவன் முழங்கால் மேல கையை வச்சுக்கிட்டே வந்தா. கோவில்பட்டி வந்து இறங்குத வரைக்கும் எடுக்கல. சின்னப்பிள்ளையா அவன்? எனக்கு எரிச்சலா வந்துச்சு.

இதெல்லாம் சின்ன விஷயம் அண்ணாச்சி. இனிமேதான் நீங்க கேக்க வேண்டியது.

போன வருஷம் ஆவுடை பின்னால துவைக்கிற கல்லுகிட்ட வழுக்கி விழுந்தா. இடுப்பெலும்பு போச்சு. சுகரு, இருதயம் ரெண்டும் சரியில்ல, ஆபரேஷன் தாங்க மாட்டாகன்னுட்டாரு டாக்டர். படுக்கையிலயே இருக்கட்டும்னு வீட்டுக்கு அனுப்பிட்டாக. அந்தா தெரியுது பாருங்க, அந்த உள்ரூமு. அதுலதான் கிடந்தா. செண்பகராசன் சம்பளம் இல்லாத லீவு போட்டுட்டு வந்தான். தண்ணி மெத்தை, பஞ்சு, பவுடரு, என்னென்னமோ கொண்டு வந்தான். வந்தவன் கையைக் கழுவிட்டு நேரா உள்ள போகப் பாத்தான். நான் வாசல்ல நின்னேன்.

'எங்க போற?'

'அம்மாவுக்கு உடம்பு தொடைக்கணும்ப்பா. துணி மாத்தணும்.'

'அதுக்குப் பொம்பளை ஆளு வச்சிருக்கேன். நீ வெளிய இரு'ன்னேன்.

ஆமா, ஆள் வச்சிருந்தேன். தங்கப்பழம்னு ஒரு பொம்பளை, தீப்பெட்டி ஆபீசுல வேலை பாத்தவ. நல்ல மனுசி. கைதான் கொஞ்சம் கட்டை. இவன் என்கிட்ட மல்லுக்கு நிக்கான். 'அப்பா, மதுரையில யாரு யாரு அம்மாவையோ பாத்துக்கிடுதேன். எங்கம்மாவை நான் பாக்கக் கூடாதா?' 'அது வேலை, இது வீடு'ன்னேன். 'ஒரு போர்வையைப் போத்தி, அதுக்குள்ள கையை விட்டுத்தாம்ப்பா செய்வோம். ஒண்ணும் தெரியாதுப்பா'ங்கான். 'தெரியுதோ தெரியலையோ, ஊரு கேட்டா என்ன சொல்லும்? பெத்தவளுக்குப் பீத்துணி மாத்துத ஆம்பளைன்னு சொல்லும். என்னைய என்ன சொல்லும்? மகனை விட்டுப் பொண்டாட்டியை...' அண்ணாச்சி, வாயால சொல்லக் கூட முடியல எனக்கு. அவ மானம்லா அது? நான் காக்காம யாரு காப்பா?

'அப்ப நீங்களாவது செய்யுங்க, நான் சொல்லித் தாரேன்'னான். கட்டினவன், நான் செய்யலாம்தான். ஒரு தடவை போனேன். அந்த வாடை எனக்கு ஒத்துக்கிடல, வாந்தி எடுத்துட்டேன். என் உடம்பு அப்படி. அதுக்கு யாரு என்ன செய்ய முடியும்?

கடைசியில ஒரு வழி பண்ணினேன். அவ சேலை ஒண்ணையே வாசல்ல திரையாக் கட்டினேன். தங்கப்பழம் உள்ள, இவன் வெளிய. இவன் இங்க இருந்தே சொல்லணும், அவ அங்க செய்யணும். 'அக்கா, முதுகுக்குத் தலையணை குடுத்து ஒருச்சாய்ச்சுப் படுக்க வைங்க. அக்கா, இழுக்காதீங்க, தூக்கி வைங்க.' தங்கப்பழம் 'சரி தம்பி, சரி தம்பி'ம்பா. உள்ள ஆவுடை 'ஆத்தா'ன்னு கத்துவா. இவன் அந்தச் சேலையை இப்படிக் கையில சுருட்டிப் பிடிச்சுக்கிட்டு நிப்பான். ஆனா ஒரு தடவை கூட விலக்கல அண்ணாச்சி. அதையும் சொல்லணும். நான் போட்ட கோட்டைத் தாண்டல. வளர்ப்பு அப்படி.

இடுப்புக்குக் கீழ புண்ணு வந்துச்சு. படுத்தே கிடந்தா வரும்லா. 'அக்கா, புண்ணு என்ன நிறத்துல இருக்கு?'ன்னு கேப்பான். 'செவப்பாத்தான் தம்பி இருக்கு'ம்பா. 'ஓரத்துல கறுத்திருக்கா?' 'இருட்டா இருக்கு தம்பி, தெரியல'ம்பா. 'லைட்டைப் போட்டுப் பாருங்கக்கா.' 'அம்மா கண்ணு கூசுதுங்காக தம்பி.' இப்படியே போச்சு. இவன் தங்கப்பழம் வெளிய போடுத பஞ்சை எடுத்து மோந்து பாக்கான் அண்ணாச்சி! மோந்து பாத்துட்டு, 'அப்பா, ஒரே ஒரு தடவை பாத்துக்கிடுதேன்ப்பா'ன்னு என் காலைப் பிடிக்கான். ஆறடி ஆளு, தரையில உக்காந்து. தெருவுல போறவன் பாத்தா என்ன நினைப்பான்னு நான் கதவைச் சாத்தினேன்.

ஒரு நாளு மத்தியானம். இவன் மெடிக்கல் கடைக்குப் போயிருந்தான். ஆவுடை என்னையக் கூப்பிட்டா. அவளா என்னையக் கூப்பிடுதது அபூர்வம். நான் திரைக்கு வெளிய நின்னே என்னன்னேன். 'ராசாவை உள்ள வரச் சொல்லுங்க'ன்னா. 'தங்கப்பழம் கை பட்டா வலிக்குது. அவன் பாக்கட்டும். நான் பெத்த பிள்ளைதான, அவன் முன்னால எனக்கென்ன வெக்கம்'னா. எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. கல்யாணம் ஆன நாள்ல இருந்து இது வேணும், அது வேணும்னு கேக்காதவ. வலி மனுசியை என்ன பாடு படுத்துது பாருங்க! வலியில சொல்லுதா, தெளிஞ்சா அவளே வெக்கப்படுவான்னு எனக்குப் பட்டுச்சு. 'சரி சரி, வரட்டும்'னுட்டு வந்து இதே இடத்துல உக்காந்து யோசிச்சேன்.

அவன் வந்தான். நான் சொல்லிட்டேன். 'அம்மா வேண்டாங்கா.'

'அம்மாவா சொன்னா?'

'அவதான்.'

'என்ன சொன்னா? சொன்னதை அப்படியே சொல்லுங்க.'

விட மாட்டான் போல இருந்துச்சு. 'அவன் கை என் மேல பட்டா நாக்கைப் பிடுங்கிக்கிட்டுச் செத்துருவேங்கா'ன்னு சொன்னேன். என்ன பாக்கீக? ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணத்தைப் பண்ணுங்காக. ஒரு பொய் சொல்லி ஒரு குடும்ப மானத்தைக் காப்பாத்தக் கூடாதா? அந்த ஒரு சொல்லுல பய அடங்கிட்டான். வாங்கிட்டு வந்த மருந்தை இந்த மேஜையில வச்சான். பின்னால குழாய்க்குப் போனான். முழங்கை வரைக்கும் சோப்புப் போட்டுக் கழுவினான், கழுவினான், அவ்வளவு நேரம் கழுவினான். ஒண்ணையும் தொடல, என்னத்தைக் கழுவுதான்னு நான் பாத்துக்கிட்டு இருந்தேன். பொறவு பையைத் தூக்கிட்டு மதுரைக்குப் பஸ் ஏறிட்டான். அம்மாகிட்ட சொல்லிட்டுப் போகல.

அவ சாயங்காலம் கேட்டா, 'ராசா எங்க?'ன்னு. 'லீவு முடிஞ்சிருச்சாம், போயிட்டான்'னேன். 'சொல்லாமயா போனான்?'னா. 'நீ தூங்கிக்கிட்டு இருந்த'ன்னேன். அதோட கேக்கல.

போன் வரும் தினம். நான்தான் அவ காதுல வச்சுப் பிடிப்பேன். 'சாப்பிட்டியாம்மா?'ம்பான். 'சாப்பிட்டேன் ராசா. நீ சாப்பிட்டியா?'ம்பா. அவ்வளவுதான். அவனும் ஒண்ணும் கேக்க மாட்டான், அவளும் ஒண்ணும் சொல்ல மாட்டா. நான் பக்கத்துலயேதான் நிப்பேன். போனைப் பிடிக்க ஆள் வேணும்லா?

பொறவு புண்ணு உள்ள இறங்கி விஷம் ஏறிருச்சு. காய்ச்சல். வாசலையே பாத்துக்கிட்டுக் கிடப்பா. திரை காத்துல ஆடும். 'ராசாவா?'ம்பா. 'காத்து'ம்பேன். மறுபடி ஆடும். 'ராசாவா?' 'காத்துட்டி, தூங்கு'ம்பேன். என் மேல ஒரு கோவம் கிடையாது அவளுக்கு. அப்படிப்பட்ட மனுசி. கடைசியா ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவோம்னு நான் வண்டிக்குச் சொல்லிட்டுத் திரும்பி வாரேன், போயிட்டா.

பொறுங்க. சோடா வந்திருச்சு, எடுத்துக் குடிங்க.

செண்பகராசன் வந்தான். அழல. எங்கள்ல பொம்பளை செத்தா மகன்தான் நீர்மாலை எடுக்கணும். உங்க பக்கமும் அப்படித்தான்? கோயில் கிணத்துக்குப் போயி, மேல வேட்டியை நாலு பேரு பிடிக்க, குடத்துல தண்ணி எடுத்து, மேளத்தோட வந்தான். ஈரத் துண்டோட, குடம் தோள்ல. எல்லாம் முறைப்படி. அந்தக் குடத்தை வாசல்ல பொம்பளையாள்கள் வாங்கிக்கிடணும், அவுகதான் குளிப்பாட்டணும். என் தங்கச்சி வேலம்மா கையை நீட்டினா. இவன் குடுக்கல. 'அத்தை, எல்லாரும் கொஞ்சம் வெளிய இருங்க'ன்னான். மரியாதையாத்தான் சொன்னான். உள்ள இருந்தவுக என்னமோ ஏதோன்னு வெளிய வந்தாக. இவன் திரையை விலக்கிட்டுக் குடத்தோட உள்ள போனான். கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டுட்டான்.

ஊரே கூடி நிக்கு அண்ணாச்சி. சொந்தக்காரவுக, பள்ளிக்கூடத்து ஆளுக, எல்லாரும். வேலம்மா கதவைத் தட்டுதா. 'ஏலே, ஆகாதுலே, பொம்பளைக செய்யுத காரியம்லே!'ன்னு கத்துதா. மேளக்காரன் அடிக்கதை நிப்பாட்டிட்டுப் பாக்கான். எனக்கு இந்த மண்ணு ரெண்டாப் பிளக்காதான்னு இருந்துச்சு. நான் போய்க் கதவுல காதை வச்சேன்.

பேசிக்கிட்டு இருக்கான். யாருகிட்ட? அவகிட்டதான். 'அம்மா, நான் ராசா வந்திருக்கேன். தண்ணி ஊத்தப் போறேன், குளிருதா?'ங்கான். 'இடது பக்கம் திருப்புதேன், என் கழுத்தைப் பிடிச்சுக்கோ'ங்கான். செத்தவகிட்ட! 'புண்ணைத் தொடைக்கேன். வலிச்சாச் சொல்லு, நிறுத்திருதேன்'ங்கான். கொஞ்ச நேரம் தண்ணிச் சத்தம் மட்டும் கேட்டுச்சு. பொறவு சொல்லுதான்: 'கூச்சப்படாதம்மா. போர்வை போத்தித்தான் இருக்கு. நான் பாக்கலம்மா. சத்தியமா பாக்கல. இந்த ஒரு தடவை மட்டும் பொறுத்துக்கோ'ங்கான்.

நான் கதவைத் தட்டாம நின்னுக்கிட்டு இருந்தேன். ஏன் தட்டலன்னு எனக்கே தெரியல.

தாழ்ப்பாள் திறந்துச்சு. உள்ள போய்ப் பாத்தோம். புண்ணுக்கெல்லாம் வெள்ளைத் துணி வச்சுக் கட்டியிருந்தான். தலை சீவி, பொட்டு வச்சு, சிவப்புச் சேலையை மடிப்புக் குலையாமக் கட்டி விட்டிருந்தான். அவ்வளவு நாளா இருந்த வாடை இல்ல. வேலம்மா 'தூங்குத மாதிரி இருக்காளே'ன்னு அழுதா. அழட்டும். ஆனா என் கதி என்ன? 'வாத்தியார் மகன் கதவைச் சாத்திக்கிட்டுப் பெத்தவளுக்குச் சேலை கட்டி விட்டான்'னு இன்னைக்கும் கம்மாக்கரையில பேசுதாக. அத்தனை பேரு முன்னால நான் சொன்னேன்: 'ஏலே, நீ எனக்குப் பிறந்த ஆம்பளைதானால?' என்னையப் பாத்தான். கொள்ளி வச்சான். மொட்டை போட்டான். காரியம் வரைக்கும் ஒரு குறை வைக்காம எல்லாம் செஞ்சான். போயிட்டான். அதுக்குப் பொறவு அவன் குரலை நான் கேக்கல அண்ணாச்சி. போன் அடிச்சா எடுக்க மாட்டான்.

இதுதான் பையன். உள்ளதை உள்ளபடி சொல்லிட்டேன். இனிமே உங்க பாடு, உங்க மக பாடு.

என்ன அண்ணாச்சி, கண்ணைத் தொடைக்கீக? சேவுல காரம் கூடிப் போச்சா?

என்னது? பொண்ணைக் குடுக்கீகளா? இவ்வளவும் கேட்ட பொறவா?

அவனா மாட்டேங்கான்? ஏன்? உங்க மக பிடிச்சிருக்குன்னு சொல்லுது, அவனுக்கு என்ன கேடு? தமயந்திகிட்ட என்ன சொன்னான்? சொல்லுங்க. 'பெத்தவளே என் கை அவ மேல படக் கூடாதுன்னு சொல்லிட்டுச் செத்தா, நீ யோசிச்சுக்கோ'ன்னானா? அப்படியா சொன்னான்? வேலையையும் விடப் போறேன்னு சொல்லுதானா? பொம்பளை நோயாளிகிட்ட போகவே இப்பக் கை நடுங்குதாமா? அவனுக்கா? அந்தக் கையா நடுங்குது?

அவனேதான் என்கிட்ட கேக்கச் சொல்லி அனுப்பினானா? எங்கப்பா பொய் சொல்ல மாட்டாருன்னு சொன்னானா?

எந்திரிக்காதீக. இருங்க. எங்க போறீக? அண்ணாச்சி, போன் எதுக்கு எடுக்கீக? வையுங்க. உங்க காலைப் பிடிக்கேன், வையுங்க. அந்த மத்தியானச் சங்கதியை மட்டும் அவன்கிட்ட சொல்லிராதீக. மத்ததெல்லாம் சொல்லுங்க. அப்பன் மோசமானவன், முரடன், ஊருக்குப் பயந்தவன், என்ன வேணும்னாலும் சொல்லுங்க, ஏத்துக்கிடுதேன். ஊரு முன்னால நான் ஏசினேன்னுதான் அவன் பேசாம இருக்கான். அது ஆறிப் போற கோவம். என்னைக்காவது வருவான். கல்யாணம்னா அப்பன்னு ஒருத்தனைக் கூப்பிடாம இருப்பானா? அவ கூப்பிட்டான்னு தெரிஞ்சா, கூப்பிட்டுக்கிட்டே கிடந்தான்னு தெரிஞ்சா, அவன் இந்த வாசப்படி மிதிக்க மாட்டான் அண்ணாச்சி. எனக்குக் கொள்ளி வைக்கக் கூட வர மாட்டான்.

அவ வேண்டாம்னு சொன்னதாவே இருந்துட்டுப் போகட்டும். வருத்தம் அவ மேலயே இருக்கட்டும். செத்தவளுக்கு இனி என்ன? அவ தாங்கிக்கிடுவா. நான் உசிரோட இருக்கேம்லா, எனக்கு அவன் ஒருத்தன்தான இருக்கான். ஆவுடை கோவிச்சுக்கிட மாட்டா அண்ணாச்சி. அவ என்னைக்கு எதுக்குக் கோவிச்சுக்கிட்டா?